மஞ்சள் பூசிய கால்கள்

அண்டாவின் மூடியைத் திறந்ததும் வந்த வாடையில் காசியம்மாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முகம் மட்டும் சிரித்த மாதிரியே இருந்தது. அப்படி இருக்கப் பழக்கப்பட்ட முகம் அது.

அவள் மாமனார் சுப்புராயனுக்குச் சங்கராபுரம் பக்கத்தில் நஞ்சையும் கரும்புத் தோட்டமும் இருந்தன. வீட்டிலேயே அன்பு வழி மன்றம் என்று ஒன்றை நடத்திவந்தார். வியாழக்கிழமை தோறும் பஜனை. மன்றத்தில் சேருகிறவர்களுக்கு ஒரே ஒரு விரதம்தான்: எந்த உயிரின் முன்னாலும் முகம் சுளிக்கக் கூடாது. எல்லா உடம்பும் பகவான் குடியிருக்கும் வீடு, அதன் வாசலில் நின்று மூக்கைப் பொத்தலாமா என்று கேட்பார் திருக்கோவிலூரில் இருந்து வரும் தலைவர். கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கேட்டுக் காசியம்மாளின் கண் கலங்கியது. சீழ் வடிந்த தெருநாய்க்குக் கட்டுப் போட்டாள். மாமனாரின் எச்சில் படிக்கத்தைத் தினமும் கழுவினாள். முகத்தில் ஒரு கோடு விழவில்லை. உள்ளே குமட்டுவது என்றைக்காவது நின்றுவிடும், அன்றைக்குச் சாமி தெரியும் என்று நம்பினாள். குமட்டல் நிற்கவேயில்லை.

அந்த வாரம் இட ஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்து கிடந்தன. அவள் புருஷன் கலியபெருமாளும் கோடாலியோடு போயிருந்தான். கேட்பது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. படித்துவிட்டு வேலையில்லாமல் மாடு மேய்க்கும் தம்பி அவளுக்கும் உண்டு. ஆனால் வெள்ளிமலையில் இருந்து தினை மூட்டையோடு சந்தைக்கு இறங்கிய மலைக்காரர்கள் திரும்பிப் போக பஸ் இல்லாமல் ஊர்ச் சாவடியில் மாட்டிக்கொண்டார்கள். ராத்திரி முழுக்கப் பட்டினி.

சேதி கேட்டதும் சுப்புராயனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பகவானே பஸ்ஸை நிறுத்தி விருந்தாளியாக வந்திருக்கிறார், நாராயண சேவை செய்துவிடுவோம் என்றார். விடியலிலேயே சாம்பார் சாதமும் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் அண்டா அண்டாவாக இறங்கின. களத்தில் பந்தல் போட்டு மலைக்காரர்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். சுப்புராயன் ஒவ்வொருவர் காலையும் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துத் தொட்டுக் கும்பிட்டார்.

முதல் கரண்டியைத் தலைவர்தான் போட வேண்டும் என்பது மன்றத்து வழக்கம். ரோடு அடைபட்டுக் கிடந்ததால் அவர் வரப்பு வழியாக சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அதுவரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. மஞ்சள் பூசிய கால் மண்ணில் பட்டால் பூசை கலைந்துபோகும். மலைக்காரர்கள் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது. மஞ்சள் காய்ந்து வெடித்தது. ஈக்கள் காலில் மொய்த்தன. ஒரு குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட, அதன் தாய் பாப்பாத்தி எழப் பார்த்தாள். ஒரு மன்றத்துக்காரர் அவள் தோளை மெதுவாக அழுத்தி, இனிமையாகச் சிரித்து, உட்கார வைத்தார். பக்கத்திலேயே பஜனை நடந்துகொண்டிருந்தது. காசியம்மாளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க, வெண்ணெய் தடவிய கையால் யாரோ தன் கழுத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது.

வெயில் சாயும்போது தலைவர் வந்து சேர்ந்தார். அப்போதுதான் மூடியைத் திறந்தாள். கூட்டில் நுரை கட்டியிருந்தது. சாதத்தைக் கிளறினால் நூல் நூலாக இழுத்தது. மாமனாரிடம் ஓடிப்போய்க் கிசுகிசுத்தாள்.

"மாமா, ஊசிப் போச்சுங்க. வேற ஆக்கிடலாம்."

"நாமம் சொல்லிக்கினே ஆக்குன சோறும்மா. அது இன்னா கெட்டுடும்? மூஞ்ச நல்லா வெச்சிக்கினு போய்ப் போடு."

வாயில் வைத்துப் பாருங்கள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சாமிக்குப் படைக்கிறதைச் சாமிக்கு முன்னால் நாக்கில் வைப்பது பாவம். அதனாலேயே காலையில் இருந்து ஒருவரும் ருசி பார்க்கவில்லை.

தலைவர் முதல் கரண்டியைப் போட்டுவிட்டு நகர்ந்தார். இரண்டு ஆட்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வர, மற்ற இலைகளுக்குக் காசியம்மாள் போட்டுக்கொண்டே போனாள். கை அது பாட்டுக்குப் போட்டது. முகம் அது பாட்டுக்குச் சிரித்தது. பாப்பாத்தி ஒரு உருண்டையை எடுத்துக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் நிறுத்தி மோந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து காசியம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்தப் பந்தலில் அவள் நம்பிக் கேட்க வேறு ஆளில்லை.

"யக்கா, இது நல்லாத்தான இருக்குது?"

காசியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நம்பி உருண்டை மறுபடி குழந்தையின் உதட்டை நோக்கிப் போனது.

இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த முகம் இதற்குத்தானா என்று நினைத்த நொடியில், அருவருப்பு அவள் காலில் இருந்து கிளம்பித் தொண்டைவரை ஏறியது. குனிந்து பாப்பாத்தியின் கையில் இருந்த உருண்டையைப் பிடுங்கித் தன் வாயில் போட்டு மென்றாள். புளித்த கொழகொழப்பு நாக்கில் ஒட்டியது. கண் சுருங்கி, மூக்கு விடைத்து, உதடு கோணி, அண்டாவுக்குள்ளேயே துப்பினாள். அடக்க முடியாமல் வாந்தியும் வந்தது.

பஜனை நின்றுவிட்டது. சோற்றில் கை வைத்திருந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். தலைவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பாவி, சேவைய எச்சப் பண்ணிட்டியே," என்றார் சுப்புராயன். குரல் உடைந்திருந்தது. "இம்மா நாள் சேத்த புண்ணியம் எல்லாம் போச்சு."

"போவட்டும் மாமா," என்றாள் காசியம்மாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "கொழந்த துன்னல இல்ல."

ஒரு அண்டா எச்சிலானால் சேவைக்கு வைத்த அத்தனையும் எச்சில்தான், இனிமேல் யாருக்கும் ஆகாது. அதை மறுக்க மன்றத்தில் ஆளில்லை. அந்த இரண்டு ஆட்களும் இலைகளையும் அண்டாக்களையும் எருக்குழிக்குத் தூக்கிப் போனார்கள். தலைவர் இருட்டுவதற்குள் பாதி வழியாவது போக வேண்டும் என்று சைக்கிளை எடுத்தார். மன்றத்தாரும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

காசியம்மாள் நொய்யரிசியை உலையில் போட்டாள். பாப்பாத்தி மஞ்சள் காலோடு மண்ணில் நடந்து வந்து, யாரையும் கேட்காமல் விறகை உடைத்துக் கொடுத்தாள். கஞ்சி கொதித்தது. காசியம்மாள் சட்டி சட்டியாக ஊற்றினாள். ஊதக்கூடப் பொறுமையில்லாமல் குடித்தார்கள். குடித்தவர்கள் யாரும் அவளைக் கும்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்று என்று சட்டியை நீட்டினார்கள்.

எல்லோரும் முடித்த பிறகும் சுப்புராயன் காலிப் பந்தலில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேவை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று அவரும் பட்டினி. வேட்டியில் மஞ்சள் கறை. ஒரு ஈ அவர் கன்னத்தில் ஊர்ந்தது. அதை விரட்டவும் தோன்றாமல் இருந்தார். பார்க்கவே காசியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. இந்த மனுஷனுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றுவதைவிட அந்தச் சீழ் பிடித்த நாயைத் தொடுவது எவ்வளவோ மேல் என்று பட்டது.

உலைப்பானையின் அடியில் இருந்த கஞ்சியை ஒரு சட்டியில் வழித்து ஊற்றி, உப்புப் போட்டுக் கலக்கி, அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவள் முகம் சுருங்கியே இருந்தது. அதை நிமிர்த்த அவள் முயலவில்லை.

"குடிங்க மாமா. சுடுது, பாத்து."

அவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டு கஞ்சியை எடுத்தார்.