அடுக்களைக்கு முந்தி வரும் வெள்ளம்

"சொல்லாதேங்கோ எண்டு எத்தினை தரம்…"

"சொல்லாட்டி ஊர் வயல் முழுக்கப் போகும். இஞ்சேர், நீ கொஞ்சம்…"

"வயல் போனால் திரும்ப விதைக்கலாம். சொன்னால் வீடெல்லோ போகும்! இன்னொருக்கா மூட்டை கட்ட என்னால ஏலாது" என்று சிவலட்சுமி கணவரை மறித்தாள்.

அருவியாற்று வெள்ளம் சிவலட்சுமியின் அடுக்களைக்கு ஒருநாள் முந்தி வரும். முற்றத்தில் புழுதி பறக்கும்போதே அடுக்களைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும், வாசற்படியைத் தாண்டாது. மறுநாள் ஆறு அதே உயரத்துக்கு வயல்களில் ஏற, அடுக்களை காய்ந்துவிடும். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருபது வருஷம் இருந்துவிட்டு, இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பி வந்து வீடு கட்டிய முதல் மார்கழியிலேயே இது தொடங்கிற்று. அவளும் கணவர் பாலசிங்கமும் கல்லடுக்கி அடுப்பை உயர்த்தினார்கள். உள்ளே வந்த கெளுத்தியைப் பிடித்துக் குழம்பு வைத்தார்கள். நாளைய மீன் என்பதால் ருசி ஒன்றும் குறையவில்லை.

அதே ஆறு மாகாண எல்லைக்கு அந்தப் பக்கம், சிங்கள ஊர்களில், மல்வத்து ஓயா. அங்கே குளம் நிரம்பிக் கதவு திறந்தால் இங்கே நெல் அழுகும். நாலாம் வருஷம் இரண்டு பக்கத்துப் பொறியியலாளர்களும் ஒன்றாகச் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு வந்தார்கள். வெள்ளம் புகும் வீடுகளை ஆற்றங்கரையிலிருந்து அகற்றுவது என்று படிவத்தில் இருந்தது. வீட்டுக்குள் சண்டை அதனால்தான்.

சிவலட்சுமி அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, "வெள்ளமோ? இஞ்சை வாறேல்லை" என்றாள். குழு அடுத்த வளவுக்கு நடந்தது. அவள் உள்ளே போனபோது தண்ணீர் இடுப்பளவு நின்றது; அதில் ஒரு கட்டம் போட்ட சட்டை மிதந்தது. பக்கத்துக் காணிப் பூமணி, காணாமற்போன புருஷனின் அந்தச் சட்டையைத்தான் குருவி விரட்ட வயலில் நட்ட வெருளிக்கு மாட்டியிருந்தாள். சிவலட்சுமி யன்னலால் பார்த்தாள், வெருளி சட்டையோடு காய்ந்தபடி நின்றது. சுற்றிவரப் பூமணியின் முதல் விதைப்பு, கதிர் தள்ளியிருந்தது.

சிவலட்சுமி ஈரச் சீலையோடு ஒழுங்கைக்கு ஓடிக் குழுவைக் கூட்டிவந்தாள்.

பொறியியலாளர்கள் அடுக்களையை அளந்து, ஒரே இலக்கத்தை இரண்டு பாஷையில் எழுதினார்கள். கூட வந்திருந்த, அந்தப் பக்கத்துக் குளக் கதவுக்காரர் குணதாச தொலைபேசியில் தன் ஆட்களைக் கூப்பிட்டு, நாளைக்கென்று இராமல் இப்போதே கொஞ்சங் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னார். நாளைய வெள்ளம் குறையக் குறைய அடுக்களையில் தண்ணீர் வடிந்தது. கரண்டைக்கால் அளவுக்கு வந்தபோது சட்டை அங்கே இல்லை.

அடுத்த மூன்று மாரியும் குணதாச விடியற்காலையில் அழைத்து, "அக்கா, தண்ணி எத்தனை?" என்பார். அவள் சுவரில் கீறிய அளவைப் பார்த்து அங்குலம் சொல்வாள். ஒரு நெல்லும் அழுகவில்லை. பிறகு இரண்டு பக்கமும் ஒப்பந்தம் எழுதின. இளம் பொறியியலாளர் ஒருவர் அதைக் கொண்டுவந்து, முத்திரைகளைக் காட்டி, அடுக்களை நீர்மட்டம் பார்க்கும் இடமாகப் பதியப்பட்டிருக்கிறது என்று வாசித்தார். சிவலட்சுமி கதவு நிலையைப் பிடித்தபடி முழுவதும் கேட்டாள்.

"எல்லாஞ் சரி தம்பி. எங்களை இனி இந்தக் காணியிலயிருந்து ஒருத்தரும் எழுப்பேலாது எண்டும் அதில எழுதியிருக்கோ?"