எட்டாம் வகுப்பின் சத்தம்

எட்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். அவர்களைக் கட்டி மேய்க்க தமிழ் டீச்சரிடம் ஒரே வழிதான் இருந்தது. இரண்டிரண்டு பேராக உட்கார வைத்துப் பேசவிடுவாள். போதும் என்றால் வலது கையைத் தூக்குவாள். பார்த்தவர்கள் தாங்களும் தூக்க வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் அறை அடங்கிவிடும். தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் வேலைக்கு வந்த முதல் மூன்று வருடத்தோடு சரி.

துணைத் தலைமையாசிரியருக்கு அந்தப் பேச்சுச் சத்தம் அறவே ஆகாது. வராந்தாவில் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே நடப்பார். பிள்ளைகள் வைத்த பெயர் உஷ் சார்.

ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் பேசுவது வேறு மொழி. சேர்ந்து ஐந்து மாதமாகியும் வாய் திறக்காததால் ஊமைக்கோட்டான் என்றார்கள். டீச்சர் அவளை எழுப்பிக் கேள்வி கேட்டதே இல்லை. முதலில் எழுதிக் காட்டினால் போதும் என்றாள். பிறகு பக்கத்திலிருப்பவள் காதில் சொன்னால் போதும். அப்புறம் மூன்று பேருக்குக் கேட்டால் போதும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் புகார் சொல்வது எப்படி என்று பாடம். அந்தப் பெண் தானாக எழுந்து முன்னால் வந்தாள். கடைக்காரியாக நின்ற தோழியிடம், கையில் இல்லாத குடையை விரித்துக் காட்டினாள்.

"இது குடை இல்லங்க, சல்லடை. வேற குடுங்க."

சுவருக்குச் சுவர் கேட்டது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கதவு திறந்தது. உஷ் சார்.

டீச்சர் கையைத் தூக்கினாள். நாற்பத்தொரு கைகள் எழுந்தன, அறை அடங்கியது. தன்னைப் பார்த்துத்தான் அடங்கியது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"முதல்ல கத்தினது யாரு?"

"நான்," என்றாள் அந்தப் பெண்.

"வெளிய போய் நில்லு."

அவள் போனாள். அவரும் வராந்தாவிலேயே காவல் நின்றார். டீச்சர் சாக்பீஸும் கையுமாக நின்றாள். மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது.

மணி அடித்ததும் டீச்சர் அவர் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"சந்தை மாதிரி இருந்துச்சு டீச்சர்," என்றார் அவர்.

"சந்தைதான் சார். கடையில பேசத்தான் சொல்லிக் குடுத்தேன். அஞ்சு மாசமா பேசாத பிள்ளை இன்னிக்குத்தான் பேசிச்சு. அதைத்தான் நீங்க வெளிய நிக்க வெச்சீங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருந்தா தெரியும். வந்து அவகிட்ட மன்னிப்பு கேளுங்க."

"ஒரு பிள்ளைகிட்டயா? வகுப்பை அடக்கத் தெரியலன்னா சொல்லுங்க, பயிற்சிக்கு அனுப்பறேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தாள். அன்று மாலையே அவர் இருவரையும் அழைத்து, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றார். முடிவில் எட்டாம் வகுப்பு, பழைய பெஞ்சுகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் கடைக்கோடி அறைக்கு மாறியது. மன்னிப்பைப் பற்றிக் கேட்டபோது தலைமையாசிரியை கோப்பைப் புரட்டினார்.

மறுநாள் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அவள் பெஞ்சருகே போய், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "நேத்து நடந்தது தப்பு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சிரும்மா," என்றாள்.

அவள் நோட்டில் ஏதோ எழுதி நகர்த்தினாள். 'நீங்க ஏன் அப்ப சொல்லல?'

உஷ் சார் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வரியில் டீச்சர் பக்கமே திரும்பியது. மன்னிப்புக் கேள் என்று அடுத்தவரிடம் போய்ச் சண்டை போட்டவள், அந்த இருபது நிமிடம் மரம் மாதிரி நின்றிருக்கிறாள்.

"பயந்துட்டேன்," என்றாள்.

மறுபடி எழுத்திலிருந்து தொடங்கினார்கள். காதில் சொல்ல வைக்க மூன்று வாரம் ஆனது. ஐந்து மாத வேலையை ஒரு நிமிடத்தில் கலைத்துப் போட்டவனை அந்த மூன்று வாரமும் டீச்சர் மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

நான்காவது வாரம் அவர் கடைக்கோடி அறைக்கும் வந்தார். உள்ளே பேச்சு உச்சத்தில் இருந்தது. டீச்சர் வாசலை மறித்து நின்றாள்.

"என்ன சத்தம் இது?"

"பாடம் நடக்குது சார். மணி அடிச்சதும் வாங்க."

அவர் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனார். அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே யாரும் பேச்சை நிறுத்தவில்லை.