நம்ம வீட்டு டிவி

விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வெயிலில் காய்ந்த தகரம் உள்ளங்கையைச் சுடுகிறது, ஒரு விரற்கடை இடப்பக்கம், இன்னும் ஒரு நூல், அங்ஙனயே நில்லுங்க அண்ணாச்சி, கைய எடுத்துராதிய, என்று கீழே அறைக்குள்ளிருந்து எலியாசர் கத்துகிறான், நான் எடுக்கவில்லை, ஓமன் நாட்டில் ஒரு மலையடிவாரத்துக் கேம்ப்பில், பன்னிரண்டு பேர் படுக்கும் அறையின் கூரைமேல், கல்யாண வீட்டு அண்டா மூடி அளவுக்கு இருக்கிற டிஷ்ஷை அணைத்துக்கொண்டு நிற்கிறேன், எந்த வருடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, முதல் வருடமாக இருக்கலாம், நேற்றாகவும் இருக்கலாம், காற்றடித்து நட்டு தளர்ந்த ஒவ்வொரு முறையும் நான்தான் ஏறினேன், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவன் கீழே, தெரியாதவன் மேலே, அதுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். ஊரில் இதற்குச் சோற்றுத் தட்டளவு டிஷ் போதும், வானத்தில் நிற்கிற சாட்டிலைட் நம் நாட்டுக்கென்று ஊற்றுவது நம் நாட்டின்மேல்தான் விழும், கடல் தாண்டி இங்கே வருவது விளிம்பில் சிந்தியது, சிந்தியதைப் பிடிக்க ஏந்துகிற பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும், அதை மாட்டிக்கொடுத்த மலையாளி அப்படித்தான் சொன்னான், சொல்லிவிட்டுத் தென்கிழக்கே அண்ணாந்து பார்க்கும்படி திருப்பி வைத்தான், தென்கிழக்கில்தான் என் வீடும் இருக்கிறது, அதனால் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும், உள்ளே தையல்நாயகி ஏதோ வேலையாக இருக்கிறாள், கூப்பிட்டால் திரும்புவாள், கூப்பிட வாய் வராது.

டிஷ்ஷுக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கிற செட்டாப் பெட்டி அவளுடையது. நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஆலமுத்துக்குப்பம், சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் பாலம் தாண்டி ஏழே வீடு, அதில் கடைசி வீடு எங்களுடையது, பிள்ளை இல்லாத வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு லீவுக்குப் போயிருந்தபோது அவள் பேரில் இணைப்பு வாங்கி மாட்டினேன், நாற்பது நாள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து பார்த்தோம், அவள் கால் நீட்டிக்கொள்வாள், நான் அவள் காலில் சாய்ந்துகொள்வேன், என்ன ஓடுகிறது என்று பார்க்காமலே பார்த்துக்கொண்டிருப்பேன். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது எலியாசர் போன் செய்தான், இங்க விக்கிற பெட்டியில தமிழு ஒண்ணும் வராது அண்ணாச்சி, ஊர் விலாசம் போட்ட பெட்டி ஒண்ணு கொண்டாந்தியள்னா அம்புட்டுப் பேரும் உங்க பேரச் சொல்லிப் பாப்போம், கடையில் கேட்டால் புதுப்பெட்டி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள், நான் அன்றைக்குப் பூராவும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் பார்த்துவிட்டாள், இத எடுத்துட்டுப் போ மாமா, எனக்கு எதுக்கு, கருவாடு காயவச்சு அள்ளவே பொழுது சரியா இருக்கு, நாடகம் பாக்கணும்னா பக்கத்துல அமராவதி வீடு இருக்கு, என்றாள், அடுத்த லீவுல புதுசு வாங்கித் தாறேன் என்றேன், சரி என்றாள், ஒரு தடவை வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அவளே தன் பழைய சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள், ரிமோட்டை மறந்துவிட்டேன் என்று தெருமுனை வரைக்கும் ஓடிவந்து கொடுத்தாள்.

ஆகவே காகிதத்தின்படி எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, இணைப்புக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, சிக்னல் நல்லா கிடைக்குதா மேடம் என்று கேட்பாளாம், கண்ணாடி மாரி கெடைக்குதும்மா என்று இவள் கருத்துக் கிடக்கிற திரையைப் பார்த்துச் சொல்வாளாம், அதைச் சொல்லிச் சொல்லி எனக்குச் சிரிப்புக் காட்டுவாள். கருவாட்டுச் சீசனில் அமராவதி வீட்டுக்குப் போகவும் அவளுக்கு நேரம் இருக்காது, சாயங்காலம் நான் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்ததும் கூப்பிடுவாள், மாமா, நம்ம வீட்டு டிவியில இன்னைக்கு என்னா ஓடுச்சு, நான் சொல்வேன், நாடகத்தில் மேகலா என்று ஒரு மருமகள், அவளுக்கு ஆகாத ஒரு மாமியார், பாயசம், வக்கீல், காணாமல் போன நகை, எல்லாவற்றையும் சொல்வேன், எனக்கு அந்தக் கதையில் ஒரு ஈடுபாடும் கிடையாது, அவள் ம் கொட்டுவதற்காகப் பார்த்தேன், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ம், அப்புறம், என்று ஒரு கேள்வி, அதற்குப் பிறகு இன்னொரு ம். ஒருநாள் கான்கிரீட் போட்டுவிட்டு வந்து அப்படியே தூங்கிப்போனேன், அவள் போன்தான் எழுப்பியது, ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை, மேகலா கோயில் குளத்தில் முங்கிச் செத்துப்போனாள் என்று சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே அது கண்ணால் பார்த்தது மாதிரி வந்தது, படித்துறை, பாசி, மிதக்கிற பூ, மேலே வந்து அடங்கின குமிழி, அவள் அழுதுவிட்டாள். மறுநாள் அமராவதி வீட்டில் மேகலா பட்டுச்சேலை கட்டி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நேத்து முங்கிச் செத்தவ இன்னைக்கு எப்படிடி வெளக்கேத்துறா, உன் வீட்டு டிவி என்ன பேய் டிவியா, என்று அமராவதி கேட்க, என் வீட்டு டிவியில செத்துட்டா, உன் வீட்டு டிவியில பொழச்சிருக்கா, நான் என்னடி பண்ணட்டும், என்று தையலு சொல்ல, அன்றிலிருந்து அந்த ஏழு வீட்டில் யார் புளுகினாலும், தையலு வீட்டு டிவியில பாத்தியா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவள் என்னிடம் கோபப்படவில்லை, நீ சொன்னதுதான் மாமா நல்லாருந்துச்சு, அவ செத்தா என்னா இப்ப, என்றாள், ஆனாலும் அதற்குப் பிறகு அவளுடைய ம் கொஞ்சம் குறைந்திருந்தது, சிரிப்பைக் கலந்து ம் கொட்டினாள்.

திரையின் அடியில் ஓடுகிற எழுத்தை நான் முதலில் எறும்பு வரிசை என்றுதான் பார்த்தேன், எலியாசர் வாயசைத்துப் படிப்பான், அவனும் நானும் ஒரு வயதுக்காரர்கள், அவன் எட்டாவது, நான் பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்றதோடு சரி, அந்த மொத எழுத்து என்னடா என்று ஒருநாள் கேட்டேன், கேலி செய்யாமல் சொன்னான், க, அண்ணாச்சி. வாத்தியார் என்றால் இரண்டாம் முறை கேட்க வெட்கமாக இருக்கும், ஓடுகிற எழுத்துக்கு அது கிடையாது, விட்டதை அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்ளலாம், நாள் முழுக்க அதே வரி வந்துகொண்டே இருக்கும், நாலு சுற்றில் ஒரு சொல், எட்டுச் சுற்றில் இரண்டு சொல், க, ட, ல், என்று முதன்முதலாக ஒரு சொல்லைப் பிடித்தேன், பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததை நாற்பத்தொரு வயதில் படித்தேன், அந்த மூன்று எழுத்தும் திரையின் இடப்பக்க ஓரத்தில் போய் மறைந்தபோது பின்னாலேயே போக வேண்டும்போல இருந்தது. தையலுவிடம் சொல்லவில்லை, அவள் அஞ்சாவது படித்தவள், நன்றாகப் படிக்க வந்ததும் லீவுக்குப் போய் அவள் முன்னால் ஏதாவது ஒன்றைக் கடகடவென்று படித்துக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை, எங்களுக்கு விடுமுறை, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து தனியாக உட்கார்ந்திருக்கிறேன், எலியாசர் கடைக்குப் போயிருக்கிறான், படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் போய்விட்டது, அடியில் எழுத்து மட்டும் ஓடுகிறது, புயல் என்று படித்தேன், அது இரண்டு நாளாகவே ஓடுகிற சொல், அதற்குப் பின்னால் ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றாக, ஆ, ல, ஆல, மு, அதற்குள் போய்விட்டது, எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன், அடுத்த சுற்று வர எவ்வளவு நேரம், அவ்வளவு நேரமும் அது வேறு ஆல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், வந்தது, ஆலமுத்துக்குப்பம். போன் அடித்தேன், எடுத்தாள், பின்னால் காற்று இரைகிறது, கரண்டை நிறுத்திட்டாங்க மாமா, ஊரே இருட்டா கெடக்கு, என்றாள், தையலு, வீட்டப் பூட்டிட்டு மேட்டுத்தெரு பள்ளிக்கூடத்துக்குப் போ, நம்ம ஊர் பேரு டிவியில வருது, என்றேன். சிரித்தாள். அன்னைக்கு ஒருத்திய முங்க வச்ச, இன்னைக்கு ஊரையே முங்க வைக்கிறியா, வருசா வருசம் சொல்றாங்க, வந்து என்னா பண்ணிச்சு, மைக்கு வச்ச ஆட்டோகூட பாலத்து வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுச்சு, ரெண்டு கூடை கருவாடு நனையாம எடுத்து வைக்கணும், போன வைக்கட்டா. வைக்காதே என்றேன், என் தலையில் அடித்துச் சத்தியம் என்றேன், அவள் இன்னும் சிரிப்பை விடவில்லை, பேசத் தெரிந்தது எல்லாம் பேசியாகிவிட்டது, அந்த வரி மறுபடி திரையில் ஏறியது, இரு, படிக்கிறேன் என்றேன், தா, ழ், தாழ், வா, ன, தாழ்வான, ப, கு, தி, ஒரு எழுத்தைப் பிடிப்பதற்குள் அடுத்தது போகிறது, விட்டதை விட்டு அடுத்ததைப் பிடிக்கிறேன், ம, க், கள், உ, ட, னே, வியர்க்கிறது, குரல் பிசிறுகிறது, மு, கா, மு, என்று நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. நீ எங்க மாமா படிச்ச, என்று கேட்டாள். இங்கதான். கதை சொல்றப்ப நீ இப்படித் திக்கினதே இல்ல, என்றாள். ஆமா என்றேன். போறேன் மாமா, என்றாள், அமராவதியையும் கூப்புட்டுக்கிறேன். அவ்வளவுதான், அதற்கு மேல் போன் இல்லை.

மூன்று நாள். திரையில் தென்னை மரங்கள் படுத்துக் கிடந்தன, எது எந்த ஊர் என்று தெரியவில்லை, மேஸ்திரி கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன், என்ன சாப்பிட்டேன், நினைவில்லை, கம்பி கட்டிக்கொண்டிருக்கிறேன், கம்பிக்குள் தண்ணீர் நிற்கிறது, தண்ணீருக்குள் ஏழு வீடு தெரிகிறது, கடைசி வீட்டில் டிவி ஓடுகிறது, இது கனவு என்று எனக்குத் தெரிகிறது, தெரிந்தும் கம்பியை விட முடியவில்லை. நான்காம் நாள் காலையில் யாரோ ஒரு தலையாரியின் போனிலிருந்து பேசினாள், இருக்கேன் மாமா, என்றாள், பாலம் இல்லை, ஏழில் நாலு வீடு இல்லை, நம்முடையதும் இல்லை, அதைக் கருவாடு நனைந்ததைச் சொல்வதுபோல சொன்னாள். நான் போய்க் கூப்புட்டேன் மாமா, என்றாள், அமராவதி கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, உன் வீட்டு டிவியில சொன்னாங்களாடின்னு கேட்டுட்டுச் சிரிச்சா, எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு, சத்தியமா வந்துச்சு, நான் மட்டும் வந்துட்டேன், இந்தப் பள்ளிக்கூடத்துல அவ இல்ல, காலேசுல ஒரு முகாம் போட்டுருக்காங்களாம், அங்க இருப்பா. அங்க இருப்பா, என்று நானும் சொன்னேன். பெட்டி அங்கேயே இருந்திருந்தாலும் கரண்டு இல்லாமல் அது பேசியிருக்காது, அதை எனக்கு நானே பலதரம் சொல்லிக்கொண்டேன், நான் கொன்றது நாடகத்தில் ஒருத்தியைத்தான் என்றும் சொல்லிக்கொண்டேன், சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது, சரியாக இருந்ததால் தூக்கம் வந்துவிடவில்லை. அன்றிலிருந்து அவள் கதை கேட்கவில்லை, ஓடுற எழுத்த மட்டும் படி மாமா, என்றாள், சாயங்காலம் சாயங்காலம் படித்தேன், எந்தப் பாதை திறந்தது, எந்த முகாமில் எத்தனை பேர், அவள் அங்கே பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள் நடுவில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் படிப்பதை அவள் திருப்பிச் சொல்ல அவர்கள் கேட்டார்கள், யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாளா பத்தாம் நாளா, இங்கே காற்று, மலையிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வருகிற காற்று, டிஷ் ஆடி ஆடித் திரை கருத்துவிட்டது, நான் எழுவதற்கு முன்னால் எலியாசர் எழுந்தான், நீங்க இருங்க அண்ணாச்சி, வாசிக்கிற ஆளு கீழ இருக்கணும், என்று சொல்லிவிட்டு ஏறினான், கூரையில் அவன் கால் சத்தம், விளிம்பைப் பிடிக்கிறான், திரையில் கட்டம் வருகிறது, உடைகிறது, சேர்கிறது, நான் கீழே நின்றுகொண்டு, இன்னும் ஒரு நூல், அங்கேயே நில்லு, கைய எடுத்துடாத எலியா, என்று கத்துகிறேன், காதில் போன், போனில் அவள். செத்தவர்களில் அடையாளம் தெரிந்தவர்களின் பெயர்கள் ஓடுகின்றன, ஊர், பெயர், வயது, படிக்கட்டா என்றேன், படி என்றாள், படித்தேன், ஒரு ஊர், அடுத்த ஊர், ஆலமுத்துக்குப்பம், அமராவதி, கணவர் பெயர் காத்தவராயன், வயது முப்பத்தொன்பது, என்று ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அந்தப் பக்கம் வராந்தாவில் யாரோ இருமுகிறார்கள். நீ திக்கவே இல்லயே மாமா, என்றாள். திக்காம சொன்னா அது கதைதான, கதைன்னு சொல்லு மாமா, என்றாள், கெஞ்சுகிற குரல் இல்லை, கணக்கைச் சரிபார்க்கச் சொல்கிற குரல். மேலேயிருந்து எலியாசர், கை கடுக்கு அண்ணாச்சி, விடட்டா, என்று கேட்டான், விடாத, இன்னொரு சுற்று வரட்டும், என்றேன், கூரைத் தகரம் முனகியது, படம் நின்றது, வேறு ஊர்கள் போயின, வேறு வீட்டுப் பெண்கள் போனார்கள், பிறகு அந்த வரி வலப்பக்க ஓரத்திலிருந்து ஏறி வந்தது, இப்போது அதைப் பார்த்ததும் முழுதாகத் தெரிந்துவிடுகிறது, தெரியாததுபோல் இருக்க முடியவில்லை, ஆனாலும் அவளுக்காக முதலிலிருந்து தொடங்கினேன், அ, ம, ரா, ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.