மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிய பியானோ

ஜோகுபாளையத்தில் நான் குடியிருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பியானோவைப் பார்த்துவிட்டு வீடு மாற்றித்தரும் இரண்டு கம்பெனிக்காரர்கள் கும்பிடு போட்டுப் போனார்கள். விற்றுவிடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட வேளையில்தான், தெரிந்தவர் ஒருவர் சொல்லிப் பாஞ்சாலி வந்தாள்.

பொம்மசந்திராவில் ஒரு கோடவுனில் மூட்டை ஏற்றியவள். அதை மூடியதும், தன்னோடு வேலையிழந்த ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீடு மாற்றித்தரும் தொழிலைத் தொடங்கியிருந்தாள்.

"உங்களை யாரும்மா கூப்பிடுறாங்க?" என்றேன்.

"மொதல்ல ஒருத்தரும் கூப்புடல மேடம். பேங்க்ல லோன் கேட்டா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வான்னாங்க. லாரிக்காரன் வரமாட்டேன்னுட்டான், நானே ஓட்டக் கத்துக்கிட்டேன். அப்புறம் தனியா இருக்கற பொண்ணுங்க கூப்புட்டாங்க. பீரோவுல இருக்கற துணிமணியை முன்னபின்ன தெரியாத ஆம்பளைங்க கையில எப்படிக் குடுப்பாங்க? இப்ப ஞாயித்துக்கெழமைகூட லீவு இல்ல."

மறுநாள் காலை வீட்டின் உரிமையாளர் உமேஷ் படிக்கட்டை மறித்து நின்றார்.

"பேடம்மா, வேண்டாம்! யாருக்காவது அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

"நான்தான் சார். கம்பெனி என்னுது."

அவர் ஒதுங்கிக்கொண்டார்.

பியானோவைத் தடித்த ரஜாய்ப் போர்வைகளால் சுற்றி, தோள்களில் பட்டைகளை மாட்டித் தூக்கினார்கள். பாஞ்சாலி கீழ்ப்பக்கம் நின்று, பின்னோக்கியே இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், மேல்பக்கம் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தியான மமதாவின் கால் வழுக்கியது. அவள் விழவில்லை. ஆனால் பாரம் முழுவதும் பாஞ்சாலியின் தோளில் சாய்ந்தது.

"யாரும் அவசரப்படாதீங்க. மூச்சு வாங்கிக்கோங்க. மமதா, காலை ஊனிக்கோ" என்றாள். குரலில் நடுக்கமே இல்லை.

மமதா நிமிர்ந்தாள். "ம்" என்றாள் பாஞ்சாலி. ஆறு பேரும் ஒரே மூச்சாய்ப் பாரத்தைத் தூக்கினார்கள். அந்தக் கறுப்புப் பெட்டி திருப்பத்தில் மெல்லத் திரும்பியது, சுவரில் ஒரு கீறல்கூட இல்லாமல். எத்தனையோ வருடமாகப் பாடகர் குழுக்களை நடத்துகிறேன். ஆனால் யாரும் இப்படி ஒன்றாய் மூச்சுவிட்டு நான் கண்டதில்லை.

தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரும் கை தட்டவில்லை. வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். உமேஷ் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி வந்திருந்தார்.

"உன் நம்பர் கொடும்மா. என் தங்கச்சி தன்னோட ஆஸ்பத்திரியையே வேற கட்டடத்துக்கு மாத்தறா."

பாஞ்சாலி நம்பரைச் சொல்லிவிட்டு லாரியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டை அழுத்திச் சிவந்திருந்த அவள் தோளையே வழிநெடுகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.