மருதமரம் நகர்ந்த நாள்

மலையிலிருந்து இறங்கிய தீ மகாராஜபுரத்து அடிவாரத் தோப்புகளைப் பொசுக்கிவிட்டு அடங்கியபோது, நாகஜோதிக்கு மிஞ்சியது கிணறும் அதை ஒட்டி நின்ற சில தென்னைகளும்தான். மோட்டார் ரூம் கூரை சரிந்து கிடந்தது. சொட்டுநீர்க் குழாய்கள் உருகி மண்ணோடு ஒட்டியிருந்தன. இதையெல்லாம் தாங்கிக்கொண்டவளால் ஊரில் பரவிய பேச்சைத் தாங்க முடியவில்லை. தீ வைத்ததே அவள்தானாம்.

பேச்சைத் தொடங்கியவர் பக்கத்துத் தோப்புக்காரர் சௌந்தரபாண்டியன். பறிக்கும் பருவத்தில் நின்ற அவருடைய மாமரங்கள் காயோடு கருகிப்போயின. முந்தின வாரம் நாகஜோதி தன் தோப்பில் சருகு எரித்ததை அவர் பார்த்திருந்தார்.

கோடை மழைக்கு முன் ஓடையைச் சுத்தம் செய்ய ஊர் கூடியது. எரிந்து விழுந்த மரங்கள் அதை அடைத்துக் கிடந்தன. மழை பெய்தால் வெள்ளம் தோப்புகளுக்குள் புகுந்து இருக்கிற மண்ணையும் அரித்துவிடும். நாகஜோதி அரிவாளோடு வந்ததும் சௌந்தரபாண்டியன் குறுக்கே வந்து நின்றார்.

“ஏட்டி, நீ எதுக்கு வாரே? செஞ்சது போதும், வீட்டுக்குப் போ.”

“என் தோப்பும் இந்த ஓடைக்கரையிலதான் இருக்கு. நான் போகமாட்டேன்.”

அவளுக்காக யாரும் வாய் திறக்கவில்லை. அவள் விறுவிறுவென்று ஓடையின் மேல்கோடிக்கு நடந்தாள். தனியாளாக வெட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் சாம்பல் பறந்து கண்ணில் விழுந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டினாள். வெயில் ஏறியதும் பக்கத்து வீட்டு இருளம்மாள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை, தானும் கிளைகளை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பெண்கள் கீழிருந்து ஏறி வந்தார்கள்.

சாயங்காலம் கீழிருந்து வெட்டி வந்த ஊர்க்காரர்களும் மேலிருந்து வெட்டி வந்த பெண்களும் ஓடையின் நடுவில் எதிரெதிரே நின்றார்கள். இடையில் ஒரு பெரிய மருதமரம் குறுக்கே விழுந்து கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லோடு வண்டியில் அறுப்பு மிஷின் கொண்டுவந்திருந்த அய்யூப் அதை இரண்டாக அறுத்தார். அடித்துண்டு மட்டும் அசையவில்லை. வண்டி ஓடைக்குள் இறங்க வழியில்லை. வடம் கட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் உண்டு. மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

கட்டிய வடத்தின் நுனி நாகஜோதியின் கையில் இருந்தது. சௌந்தரபாண்டியன் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“செத்த நேரம் பொறுங்க சித்தப்பா. நான் தீ வச்சதை நீங்க பாத்தீகளா?”

“மழை வருது. இப்ப அதுவா முக்கியம்?”

“எனக்கு அதுதான் முக்கியம். பாத்தீகளா?”

“சொல்லுங்கண்ணே. அவுக கேக்கது நியாயந்தானே” என்றார் அய்யூப்.

சௌந்தரபாண்டியன் கருகி நின்ற தன் மரங்களைப் பார்த்தார்.

“பாக்கலை.”

“சத்தமாச் சொல்லுங்க. ஊருக்குள்ள சத்தமாத்தானே பேசுனீக.”

“பாக்கலை! நீ சருகுல தண்ணி ஊத்தி அணைச்சதைத்தான் பாத்தேன். போதுமா?” அவர் குரல் உடைந்தது. “அம்புட்டு மரமும் போச்சு. யாரையாவது ஏசணும்னு இருந்துச்சு.”

“என் மரமுந்தான் போச்சு. நான் யாரை ஏசுனேன்?”

நாகஜோதி வடத்தை அவரிடம் நீட்டிவிட்டு அவருக்குப் பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். முதலில் வடம்தான் கையை அறுத்தது. பிறகு மரம் முனகிக்கொண்டே புரண்டு கரையேறியது.

அன்றே மழை கொட்டியது. சாம்பலைக் கரைத்துக்கொண்டு கறுப்பாக இறங்கிய வெள்ளம் எந்தத் தோப்புக்குள்ளும் புகாமல் ஓடையோடு போயிற்று.

மறுநாள் டீக்கடையில் எவனோ பழைய பேச்சை எடுத்தான். “நான்தான் பாக்கலைன்னு சொல்லிட்டேன்ல” என்று எரிந்து விழுந்துவிட்டு சௌந்தரபாண்டியன் பாதி டீயோடு எழுந்து போனார். இருளம்மாள் ஓடிவந்து இதைச் சொன்னபோது நாகஜோதி மோட்டார் ரூம் தகரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

“ஒருவாட்டி சொன்னாப் பத்தாது. யார் கேட்டாலும் சொல்லணும். சொல்லாட்டி நான் திரும்பப் போய்க் கேப்பேன்” என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை ஓங்கினாள்.