துண்டு பிடிக்க ஒருவர்

ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, மூப்பர் பால் பக்கிரிசாமி, நெடுமாறனின் சாட்சித் தாளைச் சிவப்பு மையில் குளிப்பாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். தண்ணீரில் இறங்குமுன், இறங்குகிறவர் எல்லார் முன்னிலையிலும் ஒரு பக்கச் சாட்சி வாசிக்க வேண்டும். முதலில் பழைய வாழ்க்கை, அப்புறம் ஆண்டவரைச் சந்தித்த கதை, கடைசியில் இன்றைய நிலை. பழைய வாழ்க்கை இருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வெளிச்சமான பழைய வாழ்க்கையோடு அங்கே யாரும் இதுவரை நனைந்ததில்லை. மூப்பருடைய சாட்சி சபைக்கே மனப்பாடம்: சம்சுச் சாராயம் குடித்தது, மனைவியின் சங்கிலியை அடகு வைத்தது, சாக்கடையில் விழுந்து கிடந்தது. பதினெட்டு ஆண்டுகளில் அந்தச் சாக்கடை கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகிக்கொண்டே வந்தது. அதற்காக மனிதரைக் குறை சொல்லக் கூடாது. குடியை விட்டது உண்மை, பதினெட்டு ஆண்டுகளாகத் தொடாததும் உண்மை.

இன்னொரு வழக்கமும் உண்டு. முழுகிக் கரையேறுகிறவரைத் துண்டு விரித்து ஏற்றுக்கொள்ள, அவரைச் சேர்ந்த ஒருவர் தண்ணீரோரம் நிற்க வேண்டும். துண்டு வரும்வரை முழுகியவர் கரையில் கால் வைக்க மாட்டார். நெடுமாறன் கல்யாணம் செய்துகொள்ளாதவர், வீட்டில் வேறு விசுவாசியும் இல்லை. அதனால் மூப்பரே துண்டு பிடிக்க ஒப்புக்கொண்டிருந்தார்.

நெடுமாறனுக்கு ஐம்பத்து மூன்று வயது, கெலுகோரில் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். குடித்ததில்லை, புகைத்ததில்லை, யாரையும் அடித்ததில்லை. அப்பா தங்கவேலு துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், கறுப்புச் சட்டைப் பகுத்தறிவுக்காரர். ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்து, சடங்கு இல்லாமல் எரிக்கப்பட்டவர். வீட்டில் சாமி படம் கிடையாது. பொய்யும் கிடையாது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று பயமுறுத்தாமல், பொய் சொல்வது அசிங்கம் என்று மட்டும் சொல்லியே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மகனும் ஐம்பது வயது வரை, கடவுள் இல்லை என்ற நிம்மதியோடு நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மழையில், தீவுக்குப் போகும் கடற்பாலத்தின் நடுவில் அவருடைய மோட்டார் சைக்கிள் சறுக்கிற்று. பின்னால் வந்த லோரி, அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அற்புதம் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டார். டிரைவர் கெட்டிக்காரர், பிரேக் நல்ல பிரேக். அந்த டிரைவரைத் தேடிப் பிடித்து, கையைப் பிடித்து நன்றி சொல்லி, ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். அதோடு கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நன்றி மிச்சம் இருந்தது. யாருக்கு என்று தெரியாமல் நாள் கணக்கில் நெஞ்சில் கிடந்து உறுத்திற்று. ஆய்வுக்கூடத்தில் மிச்சம் விழுந்தால் ஏன் என்று பார்க்காமல் விடமாட்டார்கள். அவரும் பார்க்கக் கிளம்பினார்.

அப்படித்தான் ஜார்ஜ் டவுனில் டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சிறிய தமிழ்ச் சபைக்கு வந்தார். புதன்கிழமை வேதப் பாடத்தில் கேள்வி கேட்டே பாதிப் பேரைத் தூங்கவிடாமல் செய்தார். பாஸ்டர் ஞானமுத்து தெரிந்ததற்குப் பதில் சொல்வார், தெரியாததற்குத் தெரியாது என்பார். நெடுமாறனை அங்கே உட்கார வைத்தது அந்தத் 'தெரியாது'தான். இரண்டரை வருடம் கழித்து ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, தான் இயேசுவிடம் பேசிக்கொண்டிருப்பதைத் தானே கவனித்தார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது இந்தச் சிவப்பு மை.

"அப்பாவப் பத்தி எழுதுனத எல்லாம் அடிச்சிட்டீங்களே, அண்ணே," என்றார் நெடுமாறன்.

"நல்லவரு, பொய் சொல்லாதவருன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் இயேசு எதுக்கு, பிரதர்? சாத்தான் பிடியில இருந்த வீடு, இருட்டுல வளந்தேன்னு எழுதுங்க. அப்பதான் சாட்சி நிக்கும்."

"அது பொய்லா."

"உங்களுக்குப் பொய்யாத் தெரியுது. ஆண்டவர ஏத்துக்காமப் போனவரு எங்க இருப்பாரு? நரகத்துலதான். நான் சொல்லல, வேதம் சொல்லுது."

மூப்பர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். நெடுமாறன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் அக்கா கயல்விழி. ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பாலத்துக்கு அந்தக் கரையில் தாசேக் கெலுகோரில் வீடு. அப்பாவின் கொள்கையை அப்பாவைவிடக் கறாராகக் காப்பவர். தும்மும்போது 'கடவுளே' என்று சொன்னால்கூட முறைப்பார். கையில் கோயில் கயிறு கட்டி வந்த சித்தப்பா மகனை, அப்பாவின் நினைவு நாள் விருந்தில் வாசலோடு திருப்பி அனுப்பியவர். கூர்ந்து பார்த்தால் அவரும் ஒரு மூப்பர்தான், சபை மட்டும் வேறு. சொல்லாமல் முழுகிவிட்டு வரலாம் என்று நெடுமாறனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் வளர்ந்த வளர்ப்பு விடவில்லை. போன் போட்டு நாளையும் நேரத்தையும் இடத்தையும் சொன்னார்.



"மேடை ஏறி அப்பாவக் கேவலப்படுத்தச் சொல்லுவாங்க. நீயும் சொல்லுவ," என்றார் அக்கா. "அத மட்டும் சொன்னேன்னு வை, எனக்குத் தம்பி இல்ல."

நெடுமாறனுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. இயேசுவை விட முடியாது. அப்பாவைக் கொடுத்து இயேசுவை வாங்கவும் முடியாது. கூடப் பிறந்த ஒரே உறவை இழந்துவிடுவோமோ என்ற பயம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, தஞ்சோங் பூங்கா கடற்கரை. சபை மணலில் கூடிப் பாடிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, மரத்தடியில், கறுப்புச் சுடிதாரும் கறுப்பு ஷாலுமாகக் கைகட்டி ஒரு பெண்மணி நின்றார். அக்காதான். பாலம் தாண்டி, தானே கெரெத்தா ஓட்டிக்கொண்டு, தம்பி என்ன சொல்கிறான் என்று காதால் கேட்க வந்திருந்தார்.

நெடுமாறன் மைக்கைப் பிடித்தார். சிவப்புத் தாள் பையிலேயே இருந்தது.

"நான் இருட்டுல வளரல," என்றார். "எங்க அப்பா கடவுள் இல்லைன்னு சொன்னவரு. உண்மை எதுவோ அதுக்குப் பின்னாடி போன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவருதான். அப்படிப் போயித்தான் இங்க வந்து நிக்கிறேன்."

மூப்பர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "பிரதர், நான் திருத்திக் குடுத்தத வாசிங்க," என்றார். மைக் அதையும் ஊருக்குச் சொல்லிற்று.

"அத வாசிச்சா, பொய் சொல்லிட்டுத் தண்ணியில இறங்குன மாதிரி இருக்கும், அண்ணே. எங்க அப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இயேசுவ நம்புறேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். போதும்னா முழுக்குங்க. போதாதுன்னா வீட்டுக்குப் போறேன், நாளைக்கும் நம்புவேன்."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஒரு குழந்தை மட்டும் மணலில் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தது. பாஸ்டர் ஞானமுத்து ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். மூப்பரைப் பார்த்தார், நெடுமாறனைப் பார்த்தார்.

"தண்ணி ஏறுது. வாங்க," என்றார்.

முழுக்கு ஒரு மூச்சு நேரம்தான். காதுக்குள் கடல் இரைந்தது, மூக்கில் உப்பு ஏறிற்று. எழுந்தபோது வானம் திறக்கவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மூன்று வருடமாக உறுத்திய அந்த நன்றி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது வசதியாகப் போயிற்று.

கரைக்கு வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றார். துண்டு வரவில்லை. மூப்பர் துண்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பி நின்று யாரிடமோ நாற்காலிகளை எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். சபை மூப்பரைப் பார்த்தது, நெடுமாறனைப் பார்த்தது, மூப்பரை மீறித் துண்டெடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. காற்றில் நெடுமாறனுக்குப் பல் கிட்டிற்று.

மரத்தடியிலிருந்து கறுப்பு ஷால் கிளம்பிற்று. செருப்போடு மணலை மிதித்து, சபையை நடுவில் பிளந்துகொண்டு, தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்தார் அக்கா. ஷாலை உருவித் தம்பியின் தலையில் போட்டு அழுத்தித் துவட்டினார்.

"நான் கும்பிட மாட்டேன்," என்றார்.

"கும்பிட வேணாம்கா. பிடிச்சிரு, போதும்."

பாஸ்டர் தண்ணீரில் நின்றபடியே கண்ணை மூடி ஜெபித்தார். அக்கா கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஒரு கையால் தம்பியின் தோளைப் பிடித்திருந்தார். ஜெபம் முடிந்தபோது மூப்பர் துண்டோடு வந்து நின்றார். முகம் கறுத்திருந்தாலும், துண்டை நீட்டினார். நெடுமாறன் அதையும் வாங்கிக்கொண்டார்.

கெரெத்தாவில் இருக்கை நனையாமல் இருக்க, அக்கா அந்தத் துண்டை விரித்து அவரை உட்காரச் சொன்னார். கெலுகோரில் தம்பியின் பிளாட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தினார்.

"அடுத்த மாசம் பத்தாந்தேதி அப்பா நினைவு நாள். வருவதானே?"

"வரேன்கா. ஆனா, சாப்பிடுறதுக்கு முன்னாடி கண்ண மூடி ஜெபிப்பேன். சொல்லிட்டேன்."

அக்கா கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலோடு திரும்பிப் போன சித்தப்பா மகன் நெடுமாறனின் நினைவுக்கு வந்தான். அவர் இறங்கிவிடலாம் என்று கதவில் கை வைத்தார்.

"எவ்வளவு நேரம் மூடுவ?"

"அரை நிமிஷம்."



"அரை நிமிஷத்துல சோறு ஆறிடாது," என்றார் அக்கா. "வா."