தடை அறிந்தவர் சொல்லலாம்

உபதேசியார் சூசையப்பன் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, காகிதத்தை விரித்து, "காளிச்சாமியும் ஞானஜோதியும்" என்று வாசித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. காளிச்சாமி பெண்டாட்டியை இழந்தவர், பாவம், இன்னொரு கல்யாணம் அமைந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். அடுத்த மூச்சில்தான் உறைத்தது. உடும்பஞ்சோலை மலையில் எங்கள் ஏலத்தோட்டத்தில் ஒரே ஒரு ஞானஜோதிதான் உண்டு. அவள் என் பெண்டாட்டி.

வாசித்தது கல்யாண ஓலை அல்ல, தொழிலாளர் யூனியன் தேர்தல் அறிவிப்பு. ஐம்பத்தேழாம் வருஷம், கேரளம் முழுக்க ஓட்டுப் போட்டு முடித்த சூடு ஆறவில்லை. போன முறை எங்கள் யூனியனில் தலைவர் ஒரு பக்கம், துணைத்தலைவர் ஒரு பக்கம் என்று இழுத்து யூனியனே கிழிந்துபோனதால், இனி இருவரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும், ஜோடிக்கு ஒரே ஓட்டு என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அறிவிப்பு மலையாளத்தில் வரும். அதைப் படித்துத் தமிழில் சொல்ல உபதேசியாரை விட்டால் ஆளில்லை. பங்குச் சாமியார் மலையேறி வராத ஞாயிறுகளில் மாதா கோயிலில் செபம் சொல்கிறவரும் அவர்தான் என்பதால், செபம் முடிந்த கையோடு அங்கேயே வாசித்துவிடுவது என்று ஏற்பாடு. கோயிலுக்குள் வராதவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால் இரண்டு பெயரைச் சேர்த்து வாசிக்க உபதேசியாருக்குத் தெரிந்த ராகம் ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பாரே, அந்த ராகம். "மத்தியாஸும் இருதயராஜும்" என்று, தலைவராக நிற்கும் என்னையும் துணைத்தலைவராக நிற்பவனையும் முதலில் இழுத்து வாசித்தபோது கோயிலே சிரித்தது. நானும் புதுமாப்பிள்ளைபோலத் தலையைக் குனிந்து காட்டினேன். கூத்து காட்ட இடம் கிடைத்தால் நான் விட்டதில்லை. அடுத்த ஜோடிக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த ராகத்தில் மயங்கித்தான் நானும் ஒரு கணம் கல்யாணம் என்று நினைத்தது. உபதேசியார் மட்டும் எதுவும் தெரியாமல், பழக்கதோஷத்தில், "இவர்கள் சேருவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்று முடித்தார். முடித்த பிறகே பெயர்கள் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் முக்காடு போட்ட ஒரு தலை மட்டும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, அடுப்படியில் நடந்த ஒரு பேச்சு.

"ஏங்க, ஒங்ககூட நிக்கதுக்கு ஆள் பாத்தாச்சா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"என்னைய நிறுத்துங்க."

"வீட்டுல நான் ஒனக்குக் கீழ நிக்கது பத்தாதா, யூனியன்லயும் நிக்கணுமா?" என்றேன். எனக்கே ரசித்துப்போய், எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் அதை நாலு பேரிடம் சொன்னேன். அவள் சிரித்தாளா என்று பார்க்கவில்லை. விளையாட்டுக்காரனாகவே பிழைக்கிறவனுக்கு வருகிற நோய் இது. எதிராளி நெஞ்சைத் திறந்து பேசினாலும் காதில் வேடிக்கையாகவே விழும்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளைக் காட்டுக்குள் மரத்துக்கு மரம் தூளி கட்டித்தான் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களில் அன்னாள் என்பவளின் பிள்ளை மூக்குக்குள் அட்டைப்பூச்சி புகுந்து, அதை இழுத்து எடுப்பதற்குள் பிள்ளை நீலம் பாய்ந்துபோயிற்று. பிழைத்தது மாதாவின் புண்ணியம். பிள்ளைகளை விட ஒரு கொட்டகை, பார்த்துக்கொள்ள ஒரு ஆள், இதற்குத்தான் ஞானஜோதி லயம் லயமாக ஏறி இறங்கினாள். நானும் ஆரம்பத்தில் கொட்டகை, கொட்டகை என்றுதான் பேசினேன். பிறகு இருதயராஜை ஜோடி சேர்த்தேன். தலைமைக் கங்காணியின் மைத்துனன். கீழ் லயம் அவன் சொன்னபடி கை தூக்கும். கணக்குப் பிரமாதம். சேர்ந்த அன்றே அவன் என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, கொட்டகைப் பேச்ச மட்டும் விட்ருங்க. தோட்டத்துத் தொர மொகத்தச் சுளிப்பாரு. செயிச்சப்பொறவு பாத்துக்கிடலாம்."

விட்டேன். தோட்டம் தரவேண்டிய கம்பளியைப் பற்றிப் பேசினேன், மழையைப் பற்றிப் பேசினேன். கூட்டம் நன்றாகத்தான் சிரித்தது. ஆனால் பெண்கள் மெல்ல எழுந்து போனதை, சோறு வடிக்க நேரமாகியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது இருதயராஜ் என் முழங்கையை இடித்தான். "அண்ணாச்சி, எந்திரிங்க. தட உண்டுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போட்டியே இல்லாம நாமதான்."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆட்சேபம் இருந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், அப்புறம் செல்லாது என்று காகிதத்திலும் எழுதியிருந்தது. விதியை விடுங்கள். கட்டினவன் எழுந்து ஆகாது என்றால் காளிச்சாமியே விலகிக்கொள்வார். அந்த மாதிரி மனிதர். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் கண்ணைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் கூப்பிடலிங்க மத்தியாசு," என்றார் அங்கிருந்தே. "அந்தப் புள்ளதான் வந்து கேட்டுச்சு. ஒங்ககிட்டச் சொல்லியாச்சுன்னுச்சு."

சொல்லியிருந்தாள்தான். அடுப்படியில்.

எழுந்தேன். கீழ் லயத்து ஆண்கள் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டார்கள். அன்னாள் மடியில் இருந்த பிள்ளையை மாராப்புக்குள் இழுத்துக்கொண்டாள். ஞானஜோதி திரும்பவில்லை. அவள் பின்கழுத்து எனக்குத் தெரியும். கோபம் என்றால் அங்கே ஒரு நரம்பு துடிக்கும். இப்போது துடிக்கவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

"உபதேசியாரே," என்றேன்.

"சொல்லும்."

"பேரத் தப்பா வாசிச்சிட்டீரு."

"எந்தப் பேரவே?"

"ஞானஜோதி இல்ல. ம. ஞானஜோதி. ஊரான் வீட்டுப் பிள்ளமாரி மொட்டையா வாசிக்கீரு. என் எழுத்தையும் சேத்து வாசியும்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இருதயராஜ் பெஞ்சைச் சத்தத்தோடு தள்ளிவிட்டு வெளியே போனான். கீழ் லயம் அவன் பின்னால் போயிற்று. உபதேசியார் கண்ணாடியை மறுபடி மாட்டி, இந்த முறை ராகம் இல்லாமல், கடைக்காரன் சாமான் பெயர் சொல்வதுபோல வாசித்தார். "காளிச்சாமி. ம. ஞானஜோதி."

வெளியே மழை பிடித்துவிட்டது. பெண்கள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூட்டமாக இறங்கினார்கள். நான் கோயில் வாசலில் நின்றேன். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாக்கு, ஒரே முதுகு, ஒரே நடை; எது என் வீட்டுக்காரி என்று தெரியவில்லை. வளைவில் ஒருத்தி நின்று திரும்பினாள். அவளாகத்தான் இருக்கும் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் மற்ற சாக்குகளும் ஒவ்வொன்றாக நின்று, மழைக்குள் என் பக்கம் திரும்பின.